அப்பாவின் ரத்தமும் அம்மாவின் வாயும்

என் தங்கைக்கு வீட்டில் தராசு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் வேறொரு பெயர் கொடுத்திருந்தோம், அது சான்றிதழோடு சரி. சின்ன வயதில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவளிடம் "வெளிய மழை பெய்யுதாடி?" என்று கேட்டால், ஊரில் மற்ற பிள்ளைகள் சொல்வது போல ஆமாம், இல்லை என்று சொல்ல மாட்டாள். எழுந்து போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம வாசல்ல பெய்யுது. அடுத்த தெருவுல எப்படின்னு தெரியலை" என்பாள். "அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?" என்று யாராவது கொஞ்சினால், "எதுல?" என்று திருப்பிக் கேட்பாள். கொஞ்ச வந்தவர்கள் அசடு வழிந்துகொண்டு போவார்கள்.

நான் அப்படியில்லை. எனக்கு வாய் முன்னால் போகும், புத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும். பள்ளிச் சீருடை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். என்னிடம் திட்டு வாங்காமல் துணி வாங்கிப் போனவர்கள் இந்தப் பக்கம் யாரும் இல்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப வருகிறார்கள், தையல் அப்படி.

இந்த வாய் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. இப்போது சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பிற்காலத்தில் அம்மாவைப் பார்த்தவர்கள், வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்றுதான் நினைத்தார்கள். அப்பா உயிரோடு இருந்தபோது அவள் பேச்சுக்கு அந்தத் தெருவே காது கொடுத்து நிற்கும். கேலி, கிண்டல், சாபம், எல்லாம் ஒரே மூச்சில் வரும். கேட்பவர்களுக்குக் கோபமே வராது, சிரிப்புதான் வரும்.

அப்பா தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவர். ஊர் முழுக்க வீடு வீடாகப் போய் யார் எவ்வளவு தண்ணீர் செலவழித்தார்கள் என்று பார்ப்பார். எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் எப்போதும் ஒழுகும். அன்றைக்குக் காலையிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. அம்மா குழாயில் துணியைச் சுற்றிக்கொண்டே, ஊருக்கெல்லாம் உழைக்கிற பெரிய மனுஷன் சொந்த வீட்டுக் குழாயைத் திரும்பிப் பார்க்க மாட்டார் என்று ஆரம்பித்தாள். அப்பா "சாயங்காலம் பார்க்கறேன்" என்றார். அது பல மாதத்துச் சாயங்காலம். அம்மா, "போய்த் தொலைங்க. நீங்க வீட்டுல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லைன்னாலும் ஒண்ணுதான்" என்றாள்.

எந்த வீட்டில் இது சொல்லப்படவில்லை? நான் என் வீட்டுக்காரரிடம் வாரத்துக்கு நாலு தடவை சொல்கிறேன், மனுஷர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். ஆனால் அப்பா அன்றைக்குச் சாயங்காலம் வரவில்லை. மத்தியானம் ஏதோ ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நாற்பதைத் தாண்டிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஒரு காய்ச்சல், தலைவலி என்று படுத்தவர் இல்லை.

அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, அன்று காலை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அம்மா சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. அப்பாவைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியதும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். "என் அண்ணனை வாயாலயே கொன்னுட்டியே அண்ணி. தொலைங்கன்னு சொன்னியே, தொலைஞ்சுட்டானே." கூடம் முழுக்க ஆட்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சமையலறைக் குழாய் மட்டும் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. வந்தவர்களில் யாரோ போய் அதை இறுக்கி மூடினார்கள்.

அதோடு அம்மா வாயை மூடியவள்தான். பேசினாள், வேலை செய்தாள், எங்களை வளர்த்தாள். ஆனால் திட்டவே மாட்டாள். பரீட்சையில் நான் முட்டை வாங்கி வந்தபோதும் "சரி கண்ணு, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றாள். 'போ' என்கிற சொல்லே அவள் நாக்கில் வராது. கடைக்கு அனுப்பும்போதுகூட "சீக்கிரம் வந்துடு" என்றுதான் அனுப்புவாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். எனக்கு வயிறு எரியும். ஒரு தடவையாவது அம்மா என்னைப் பழையபடி கரித்துக்கொட்ட மாட்டாளா என்று வேண்டுமென்றே தட்டை உடைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள்.

தராசு நன்றாகப் படித்தாள். ஒரு பெரிய மருத்துவமனையின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்த குடும்பங்களின் ரத்தத்தை வாங்கி, மரபணுவில் என்ன எழுத்து எங்கே மாறியிருக்கிறது என்று பார்க்கிற வேலை. அவளுக்கென்று அளவெடுத்துத் தைத்த மாதிரி வேலை. அங்கே எல்லோருமே அவளைப் போலத்தான் பேசுகிறார்கள் என்று ஒரு தடவை போனபோது பார்த்தேன். டீ எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு ஒரு பையன், "நேத்து குடிச்சதைவிடப் பரவாயில்லை, ஆனா ரெண்டே கோப்பையை வெச்சுச் சொல்றேன்" என்றான்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்தவள், எங்கள் குடும்பத்தையும் ஆய்வில் சேர்க்க மேலதிகாரி ஒத்துக்கொண்டார் என்றாள். எங்கள் ரத்தத்தை அவள் தொடக்கூடாது, வேறு ஆள்தான் பார்ப்பார்கள், அது அவர்கள் கட்டுப்பாடு. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"அப்பாதான் இல்லையே. எதை வெச்சுப் பார்ப்பீங்க?" என்றாள்.

"எங்க ரெண்டு பேருகிட்ட இருக்கறதுல பாதி உன்னோடது, பாதி அப்பாவோடது. உன் ரத்தத்தைப் பார்த்து உன் பங்கைக் கழிச்சுட்டா மிச்சம் அப்பா. அத்தையும் குடுத்தா இன்னும் தெளிவாத் தெரியும்."

"அப்ப என்னைக் கழிச்சாத்தான் அவர் கிடைப்பாருங்கறே."

எத்தனையோ வருடத்துக்கு அப்புறம் அவள் வாயிலிருந்து அப்படியொரு பேச்சு வந்தது. நான் தையல் ஊசியை விரலில் குத்திக்கொண்டேன்.

தராசு அம்மாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாள். "அடிபட்டா வீங்குது, சூடாகுதில்ல? அது நல்லது. உடம்பு அங்க ஆள் அனுப்பிச் சரிபண்ணுது. வேலை முடிஞ்சா ஆள் திரும்பிடணும். சில குடும்பத்துல, போதும் திரும்புங்கன்னு சொல்ற எழுத்துல சின்னச் சின்ன மாற்றம் இருக்கு. வந்த ஆள் கிளம்பாம அங்கயே உட்கார்ந்துடுவாங்க. இதயத்துக்குப் போற குழாயோட உள்சுவர்ல அப்படி உட்கார்ந்தா, வருஷக்கணக்குல சுவர் புண்ணாகி ஒரு நாள் வெடிக்கும். அங்க ரத்தம் உறைஞ்சு வழியை அடைச்சுடும். அதுவரைக்கும் வெளிய ஒண்ணும் தெரியாது."

"வந்த விருந்தாளி கிளம்பாத மாதிரி. நம்ம அத்தை மாதிரின்னு சொல்லேன், சட்டுனு புரியும்" என்றேன்.

"சும்மா இருடி" என்றாள் அம்மா. ஆனால் அவள் முகத்தில் ஏதோ வெளிச்சம் வந்திருந்தது. வருஷக்கணக்காகச் சுவர் புண்ணாகியிருந்தது என்றால், அன்றைக்குக் காலையில் குழாயடியில் சொன்ன ஒரு வார்த்தையால் அவர் சாகவில்லை. அவள் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலேயே எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. அன்றிலிருந்து அம்மாவுக்கு வேண்டியது அந்த ஒன்றுதான்.

ரத்தம் கொடுக்கப் போன அன்று, கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி பெட்டியிலிருந்து நல்ல உடை எடுத்து உடுத்திக்கொண்டாள். அத்தையும் வந்தாள். முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாள், எங்க பரம்பரையில் யாருக்கும் எந்தச் சீக்கும் கிடையாது, வந்தவளால்தான் எல்லாம் என்றாள். அம்மா கொடுக்கப்போகிறாள் என்று தெரிந்ததும், "ஏன், அவ ரத்தம் மட்டும்தான் ரத்தமா?" என்று முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ரத்தம் எடுத்த நர்ஸிடம், "அவங்களுக்கு எத்தனை குழாய் எடுக்கப்போறீங்க? எனக்கும் அத்தனை எடுங்க" என்றாள். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு எடுத்தாள். அம்மா கையை நீட்டிவிட்டு, குழாயில் ஏறுகிற தன் ரத்தத்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவு சொல்ல எங்களைக் கூப்பிட்டபோது மழைக்காலம் வந்திருந்தது. சின்ன அறை, ஒரு மேஜை, மெத்தை வைத்த நாற்காலிகள், மூலையில் ஒரு செயற்கைச் செடி. முடிவு சொல்வதற்கென்றே ஒரு ஆலோசகர் அம்மாள் இருந்தார், குரலிலேயே தலையைத் தடவிக் கொடுக்கிற மாதிரியான பெண்மணி. அத்தை வரவில்லை, கால் வலி என்று சொல்லிவிட்டாள். தராசு வெளியே நிற்பதாகத்தான் இருந்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

ஆலோசகர் ஒரு தாளை மேஜையில் விரித்தார். எங்கள் குடும்பம் அதில் கட்டமும் வட்டமுமாக இருந்தது. ஆண் என்றால் கட்டம், பெண் என்றால் வட்டம். மாற்றம் உள்ளவர்களுக்கு உள்ளே கறுப்பு அடித்திருந்தார்கள். அத்தையின் வட்டம் கறுப்பு. என் வட்டமும் கறுப்பு. தராசின் வட்டம் வெள்ளை. அம்மாவின் வட்டம் வெள்ளை. அப்பாவின் கட்டம் கறுப்பு, அதன் மேல் குறுக்கே ஒரு கோடு. இறந்தவர்களுக்கு அப்படிக் கோடு போடுவார்களாம்.

"அம்மாகிட்ட இல்லை, மூத்த பொண்ணுகிட்டயும் அத்தைகிட்டயும் இருக்கு. அதனால அப்பாகிட்ட கட்டாயம் இருந்திருக்கும்" என்றார். எனக்கு இனிமேல் மாத்திரை, நடை, கொழுப்புப் பரிசோதனை என்று ஏதேதோ சொன்னார். அப்பா எனக்கு விட்டுப்போன ஒரே சொத்து என்று நான் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை.

அம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கட்டத்துக்கும் அவளுடைய வட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு இருந்தது. அதன் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்றாள்.

"அது கல்யாணம்மா" என்றார் ஆலோசகர்.

அம்மா விரலை எடுக்கவில்லை. "அப்ப, அன்னைக்கு நான் சொன்னதால இல்லையா?" என்றாள்.

ஆலோசகருக்குக் கதை தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். "அப்படியெல்லாம் நினைக்கவே கூடாதும்மா" என்று ஆரம்பித்தார்.

அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். "நீங்க நல்ல மனசுக்காரங்க. அப்படித்தான் சொல்வீங்க. என் மக சொல்லட்டும். அவ இல்லாததைச் சொல்ல மாட்டா."

தராசு அம்மாவைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். நான் மேஜைக்கு அடியில் அவள் காலை மிதித்தேன். சொல்லுடி, ஒரே ஒரு 'இல்லை' சொல்லு என்று மனதுக்குள் கத்தினேன். அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள். அவள் அடுத்த தெருவைப் பற்றிப் பேசப்போகும்போதுதான் தொண்டையைச் சரிசெய்துகொள்வாள்.

"அப்பாவோட குழாய் முன்னாடியே புண்ணாகியிருக்கும்மா. அது அநேகமா உறுதி. ஆனா ஏன் அந்த நாள், ஏன் அந்த நேரம்னு இந்த எழுத்து சொல்லாது. இதெல்லாம் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான். இது இருந்தும் நல்லா இருக்கறவங்க நிறையப் பேர். திடீர்னு கோபமோ வருத்தமோ வந்தா அது ஒரு தூண்டுதலா ஆகலாம்னும் ஆய்வு இருக்கு. நீ சொன்னதாலன்னு சொல்ல முடியாது." அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "இல்லைன்னும் சொல்ல முடியாது."

அம்மா விரலைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"சரி கண்ணு" என்றாள்.

பரீட்சையில் முட்டை வாங்கியபோது என்னிடம் சொன்ன அதே 'சரி கண்ணு'. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, என்னிடமா தன்னிடமா என்று தெரியாமல் சொன்னாள். "நான் குழாய்ப் பக்கம் திரும்பி நின்னேன். அவர் கிளம்பும்போது முகத்தைப் பார்க்கலை. சிரிச்சுட்டுப் போனாரா, சுருங்கிப் போனாரா, அதுகூட எனக்குத் தெரியாது."

மறுநாள் தராசு கடைக்கு வந்தாள். எப்போது வருவாள் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"நீயெல்லாம் ஒரு பொண்ணா? பெத்தவ கேட்டா ஒரு வார்த்தை. வேற யார் சொன்னாலும் கேட்க மாட்டேன், நீ சொல்லுன்னு கேட்டா. 'இல்லைம்மா'ன்னு சொன்னா உன் நாக்கு அழுகிடுமா? எவனுக்குடி நஷ்டம்?" கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜையில் போட்ட சத்தத்தில் தையல்காரப் பெண்கள் மிஷினை நிறுத்திவிட்டார்கள்.

"பொய்யாயிடும்க்கா."

"பெரும்பாலும் இல்லைன்னாவது சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"பெரும்பாலும்னு சொன்னா அம்மா மிச்சத்தைத்தான் பிடிச்சுக்குவா. உனக்குத் தெரியாதா அம்மாவை?" என்றவள், துணிக் குவியல் மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. "அன்னைக்கு அத்தை சொன்னப்ப நானும் கூடத்துல நின்னேன். அது நெஜமான்னு எனக்குத் தெரியணும்னுதான் இந்தப் படிப்பே படிச்சேன். அம்மாகிட்ட ஒரு நாள் போய் இல்லைன்னு சொல்லணும், நெஜமாவே இல்லைன்னு தெரிஞ்சு சொல்லணும், அதுக்குத்தான் அந்த வேலைக்கே போனேன். அவ கேட்டப்ப வாய் வரைக்கும் வந்துடுச்சு. தெரியாததை எப்படிக்கா தெரியும்னு சொல்றது? அவ என்னை நம்பிக் கேட்டாளே."

டீ வாங்கி வரச் சொல்லி அவள் கையில் கொடுத்தேன். கோபம் மட்டும் போகவில்லை, ஆனால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

சில மாதத்தில் அத்தைக்கு மாரடைப்பு வந்தது. சண்டையில்லை, சச்சரவில்லை. மகன் வீட்டில் டி.வி. பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள், சிரித்தபடியே நெஞ்சைப் பிடித்தாள். பக்கத்திலேயே மருத்துவமனை இருந்ததால் பிழைத்தாள், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அம்மாவும் நானும் பார்க்கப் போனோம். அம்மா அத்தையின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். நான் எவ்வளவு நேரம் வாயைக் கட்டிக்கொண்டு நிற்க முடியும்?

"உங்களை யாரு அத்தை திட்டினா?" என்றேன்.

அத்தைக்குப் புரிந்தது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அம்மா என் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்து வந்தாள்.

"நாக்கை அடக்கு. சீக்காப் படுத்திருக்கவகிட்ட என்ன பேச்சு பேசறே? ஒருத்தி நாக்கு இந்தக் குடும்பத்துக்குப் பண்ணினது போதாதா?"

அவள் என்னைத் திட்ட வேண்டும் என்று எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறேன். திட்டிவிட்டாள். அதிலும் அவள் திட்டியது தன்னைத்தான்.

அடுத்த குளிர்காலத்தில் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி, மருத்துவமனையில் சேர்த்தோம். இதயம் நன்றாகத்தான் இருந்தது. அவள் வட்டம்தான் வெள்ளையாயிற்றே. நுரையீரல்தான் கைவிட்டது. மருந்து கேட்கவில்லை என்று டாக்டர் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். நான் தராசைக் கையைப் பிடித்துக் கீழே கேன்டீனுக்கு அழைத்துப் போனேன்.

"இப்பப் போய்ச் சொல்லு. நீ காரணமில்லை, நிச்சயமா இல்லைன்னு சொல்லு."

"நிச்சயம்னு எனக்குத் தெரியாதே அக்கா."

"எனக்கும் தெரியும் உனக்குத் தெரியாதுன்னு. அவளுக்குத் தெரிய வேண்டாம். நிம்மதியா இருக்கட்டும். உன் படிப்பைக் கொஞ்ச நேரம் இந்த மேஜையில வெச்சுட்டுப் போ."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எப்படிச் சொல்லணும்?" என்றாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய் சொல்வதற்கு அக்காவிடம் பாடம் கேட்கிறாள், இத்தனை வயதில். நான் சொல்லிக் கொடுத்தேன். புதுசாக ஒரு ஆராய்ச்சி வந்திருக்கிறது என்று ஆரம்பி, கண்ணைப் பார்த்துச் சொல், தொண்டையைச் சரிசெய்துகொள்ளாதே. ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டு அவள் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மேலே போனோம். மத்தியான வெயில் கட்டிலில் பாதி வரைக்கும் விழுந்திருந்தது. அம்மா விழித்துத்தான் இருந்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாய். தராசு பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, அன்னைக்கு நீ கேட்டியே. புதுசா ஒரு ஆய்வு வந்திருக்கு. நான் எல்லாத்தையும் திரும்பப் பார்த்தேன். அப்பா போனதுக்கு நீ காரணமில்லை. நிச்சயமா இல்லை."

நன்றாகத்தான் சொன்னாள். கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். நானே ஒரு நொடி நம்பிவிட்டேன்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி, கட்டில் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தாள். "நீதானே சொல்லச் சொன்னே?" என்றாள்.

என் வாய் அன்றைக்குத்தான் பார்த்து அடைத்துக்கொண்டது.

"இவளுக்கு நிச்சயமான்னு ஒரு வார்த்தை சொல்ல வராதே. மழை பெய்யுதான்னு கேட்டாலே வராது." மூச்சு வாங்கியது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். தராசின் கன்னத்தைத் தொட முயன்று, கை எட்டாமல், அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள். "பாவம். பொய் சொல்லாத பிள்ளையைப் பொய் சொல்ல வெச்சுட்டேன். அதுக்கும் நான்தான் காரணமா ஆயிட்டேன்."

தராசு குனிந்து அம்மாவின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இல்லைம்மா, இல்லைம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இப்போது அவள் உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அதற்குள் அவளுடைய 'இல்லை'க்கு அம்மாவிடம் மதிப்பு போய்விட்டது. அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்து, "சரி கண்ணு, சரி" என்று சமாதானம் செய்தாள்.

அந்த வாரமே அம்மா போய்விட்டாள். அத்தை வந்து தலைமாட்டில் உட்கார்ந்து, "தங்கமான மனுஷியாச்சே. யாரையும் வாய் திறந்து ஒரு சொல் சொல்ல மாட்டாளே எங்க அண்ணி" என்று ஊர் கேட்க அழுதாள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் அம்மா வராந்தாவில் சொன்னது ஞாபகம் வந்து சும்மா இருந்தேன். அத்தைக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்களே என்ற நினைப்பும் வந்தது. வந்ததும் எனக்கே பக்கென்றது. அம்மாவைப் போல நானும் வாய்ச்சொல்லுக்குப் பயப்பட ஆரம்பித்துவிட்டேன்.

எல்லோரும் கிளம்பிய பிறகு நாங்கள் இரண்டு பேரும் அம்மாவின் சமையலறையில் பாத்திரம் தேய்த்தோம். அப்பா போன பிறகு அம்மா அந்தக் குழாயை மாற்றி வைத்திருந்தாள், ஒரு சொட்டு ஒழுகாது. தராசு தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, அன்னைக்கு அந்த ரூம்லயே நான் இல்லைன்னு சொல்லியிருந்தா, அம்மா நம்பியிருப்பாளா?"

எனக்குப் பதில் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆமாம் என்று சொன்னால், அதைச் சுமந்துகொண்டே அவள் சாகும் வரைக்கும் நடப்பாள். இல்லை, எப்படியும் நம்பியிருக்க மாட்டாள் என்று சொன்னால், அது எனக்குத் தெரியாது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வேண்டியதும் ஒரு வார்த்தைதான், அதையும் என்னிடமிருந்துதான். ஊரையே வாயால் விரட்டுகிற எனக்கு, அந்த ஒன்றைச் சொல்ல நாக்கு எழவில்லை.

"தெரியலைடி" என்றேன்.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த பாத்திரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.